கோஅல்ஜிப்ராவுக்குத் தமிழ்: 'விரியமைப்பு' என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணிதத்திலும் கணினியியலிலும் வருகிற கோஅல்ஜிப்ராவுக்கு (coalgebra) தமிழ்ச்சொல் கேட்ட கடிதத்துக்கு இதுவரை மூன்று பதில்கள் வந்திருக்கின்றன: இணை இயற்கணிதம், எதிர் இயற்கணிதம், மறுதலை இயற்கணிதம். மூன்றும் யோசித்துச் சொன்னவைதான். ஆனாலும் மூன்றிலும் எனக்கு மறுப்பு உண்டு. இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து இந்தப் பாடத்தைப் படித்து வருகிறோம். பள்ளியின் கடைசிக் கட்டமான உயர்தரம் வரை தமிழில் கணிதம் படித்துவிட்டு, பிறகு ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறியவர்கள். அவர்கள் கரும்பலகை முன்னால் நின்று தயங்காமல் சொல்லக்கூடிய சொல் வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இயற்கணிதம் கட்டுகிறது. பூச்சியம் என்ற ஒரு தொடக்கமும் 'அடுத்த எண்' என்ற ஒரு செய்கையும் கையில் இருந்தால் போதும், இயற்கை எண்கள் அத்தனையும் கிடைத்துவிடும். துண்டுகளிலிருந்து பொருளை நோக்கி அம்பு போகிறது. கோஅல்ஜிப்ராவில் அம்பு திரும்புகிறது. பொருள் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே எப்படிச் செய்யப்பட்டது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை, வெளியிலிருந்து கவனிக்கிறோம், அவ்வளவுதான். முடிவில்லாத ஓர் எண்வரிசையிடம் கேட்கக்கூடியவை இரண்டு: உன் தலை எது, மீதி எது? அந்த மீதியிடமும் அதே கேள்விகள், அதன் மீதியிடமும் அதே. எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து நிலை மாறும் கற்பனை இயந்திரமான நிலைப்பொறி ஒன்றின் நிலையும் இப்படித்தான்: இது ஏற்கும் நிலையா, இந்த எழுத்தை வாசித்தால் அடுத்து எந்த நிலை? கணினியியலாளர் யான் ருட்டென் 2000ஆம் ஆண்டில் எழுதிய, இத்துறையில் எல்லோரும் வந்து நிற்கிற கட்டுரை, தலைப்பிலேயே இதை முறைமைகளின் கோட்பாடு என்கிறது. இலங்கையில் முறைமை என்பதைத் தமிழகத்தில் அமைப்பு என்கிறீர்கள். இது பின்னால் உதவும்.

இனி முன்னொட்டுகள். 'இணை' எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை, ஏனென்றால் இலங்கைப் பாடநூல்களில் ஒன்றுக்கொன்று சமதூரத்தில் ஓடும் கோடுகள் சமாந்தரக் கோடுகள். தமிழகத்தில் அவை இணைகோடுகள். ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் கணிப்பும் அங்கே இணைக் கணிப்புதான். சமாந்தரமாக ஓடும் கணினி நிரல்களை ஆராய்வதற்கே கோஅல்ஜிப்ரா நிறையப் பயன்படுகிறது. அந்த இடத்தில் 'இணை' இரண்டு பொருளில் வந்து நின்றால் வாசகர் பாடு திண்டாட்டம். 'எதிர்' வேறு வேலைக்குத் தேவைப்படும்: வகையம் (category) என்பது பொருள்களும் அவற்றுக்கிடையே ஓடும் அம்புகளும் சேர்ந்தது, அந்த அம்புகள் எல்லாம் திரும்பிய வகையத்தை எதிர் வகையம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, பெருக்கலின் வரிசையை மட்டும் மாற்றிய இயற்கணிதம் என்று தனியாக ஒன்று உண்டு. எதிர் இயற்கணிதம் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

மதுரை நண்பர் சொன்ன 'மறுதலை' மேல் எனக்கு ஆசை வந்தது உண்மை. பைதகரஸ் தேற்றத்தின் மறுதலை என்று இரு கரையிலும் படித்திருக்கிறோம், அங்கேயும் அம்புதான் திரும்புகிறது. ஆனால் மறுதலை என்றால் 'இது உண்மையா என்று தனியாக நிறுவிப் பார்' என்று நம் ஆசிரியர்கள் பழக்கிவிட்டார்கள். ஒரு தேற்றம் உண்மையாக இருந்து அதன் மறுதலை பொய்யாகலாம். வகையக் கோட்பாட்டில் அம்புகளைத் திருப்பிப் பார்ப்பதற்குப் பெயர் இருமை, அது அப்படிப்பட்டதல்ல. எல்லா வகையங்களுக்கும் பொருந்தும் ஒரு தேற்றத்தில் அம்புகளை முழுக்கத் திருப்பினால் வருவதும் தேற்றமே, புதிதாக நிறுவ எதுவும் இல்லை. இந்தத் துறையின் பாதிப் பலம் அங்கேதான் இருக்கிறது. அதை மறைக்கிற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

என் முன்மொழிவு: விரியமைப்பு. எதிரே நிற்கும் பொருளுக்கு, அதாவது அல்ஜிப்ராவுக்கு, தொகையமைப்பு. இயற்கணிதம், அட்சரகணிதம் என்ற பெயர்கள் பாடத்துறைக்கே இருக்கட்டும். நாம் பேசுவது ஒரு பொருளைப் பற்றி. 'இரண்டு இயற்கணிதங்கள்' என்று எழுதும்போது கை தயங்குகிறது, 'இரண்டு விரியமைப்புகள்' என்று எழுதும்போது தயங்கவில்லை. தொகை, விரி என்ற சோடி இலக்கண வகுப்பிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. தொகையை விரித்துக் காட்டு என்று கேட்காத தமிழாசிரியர் உண்டா?

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. கணிதத்தில் 'இன்டக்‌ஷன்' ஏற்கெனவே தொகுத்தறிதல். அப்படியானால் 'கோஇன்டக்‌ஷன்' விரித்தறிதல். சொல் தானாக வந்து விழுகிறது, பொருளும் சரியாக இருக்கிறது. ஓர் எண்வரிசையின் உறுப்புகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டு வரிசைகள் ஆக்கி, திரும்ப மாறிமாறிக் கோத்தால் பழைய வரிசையே வரும் என்று நிறுவ வேண்டும். வரிசை முடிவதே இல்லை, ஆகவே நீளத்தைப் பிடித்துத் தொகுத்தறிய முடியாது. விரித்துப் பார்க்கிறோம். கோத்த வரிசையின் தலை, பழைய வரிசையின் தலையே. அப்புறம் மீதி: அது பழைய வரிசையின் மீதியை எடுத்து, அதே மாதிரி பிரித்து, அதே மாதிரி கோத்தது. தொடங்கிய உறவுக்கே திரும்பிவிட்டோம், நிறுவல் முடிந்தது. கணினியியலாளர்கள் டேவிட் பார்க் 1981இல் வடிவம் கொடுத்து, ராபின் மில்னர் நிரல்களின் ஒப்புமைக்குப் பரவலாக்கிய முறையும் இதே அச்சுத்தான்.

ஒருவர் கேட்கலாம், இயற்கை எண்ணையும் விரிக்கலாமே என்று. விரிக்கலாம். எந்த எண்ணும் ஒன்று பூச்சியம், இல்லாவிட்டால் வேறோர் எண்ணுக்கு அடுத்தது. இயற்கை எண்களைப் போன்ற தொடக்கத் தொகையமைப்பின் (initial algebra) அம்பு இருபக்கமும் செல்லும் என்று கணிதவியலாளர் லாம்பெக் 1968இல் காட்டியது இதைத்தான். தொகையை விரிக்கலாம் என்பதால் தொகை தொகையாக இல்லாமல் போய்விடாது.

பெருக்கலும் அதன் எதிர்ச்செய்கையும் சேர்ந்திருக்கும் ஹோப்ஃப் இயற்கணிதத்தில் (Hopf algebra) கோஅல்ஜிப்ராவுக்கு இருக்கிற பழைய பொருளிலும் 'விரி' இடறாது. அங்கே பெருக்கல் இரண்டை ஒன்றாக்கும், எதிரே உள்ள செய்கை ஒன்றை இரண்டாக விரிக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: 'கோ' வருகிற எல்லா இடத்துக்கும் 'விரி' போகாது. பெருக்கத்தின் இருமையான கோபுரொடக்ட் (coproduct) உண்மையில் ஒரு கூட்டல். அதை விரிபெருக்கம் என்றால் தவறு. எல்லையின் இருமையான கோலிமிட்டும் (colimit) அப்படியே. அவற்றுக்கு வேறு சொல் தேடுவோம், ஆங்கிலத்தின் ஒரே முன்னொட்டுக்கு நாமும் ஒன்றே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏன்? விரியமைப்பு, விரித்தறிதல், முடிவில்லாத வரிசை போன்ற தரவுக்கு (codata) விரிதரவு ஆகிய மூன்றுக்கும் நான் உறுதியாக நிற்கிறேன்.

நான்காவதில் உங்கள் உதவி வேண்டும். ஒரு செய்கை தன்னையே அழைக்கிற ரிக்கர்ஷனுக்குத் தமிழகப் பாடநூலில் தற்சுழற்சி இருக்கிறது. அதன் இருமைக்கு விரிசுழற்சி என்று எங்கள் மாணவர் ஒருவர் சொன்னார். சுழற்சி என்ற சொல்லில் திரும்பி வந்து சேரும் சாயல் இருக்கிறது. முடிவில்லாமல் தந்துகொண்டே போகிற ஒன்றுக்கு அது ஒட்டுமா என்று எனக்குச் சந்தேகம். நிரல் எழுதுகிறவர்கள் வார இறுதிக்குள் எழுதினால், வரும் ஞாயிறு வகுப்பில் அதையே பயன்படுத்திப் பார்ப்போம்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து