கொட்டாவி விட்டபோது எழுந்த கை

மகள், ஈரோடு

அப்பாவுக்கு வயது 61. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். போன ஆடியில் ஒரு விடியற்காலை எழும்போதே வலது கையும் காலும் விளங்கவில்லை, வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியதே தவிர வார்த்தை தப்பவில்லை. பக்கவாதம் தூக்கத்தில் வந்ததால் எத்தனை மணிக்கு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த வாய்ப்பு போய்விட்டது.

மூன்றாவது வாரம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். வலது கை மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். ஒரு சாயங்காலம் அப்பா பெரிதாகக் கொட்டாவி விட்டார். அந்தக் கை தானாக மடங்கி நெஞ்சு உயரத்துக்கு எழுந்தது. வாய் மூடியதும் மெல்ல இறங்கியது. அம்மா “கண்ணு, அப்பாவுக்குக் கை வந்திருச்சு!” என்று அடுப்படிக்கு ஓடி வந்தார். நான் போய், “அப்பா, இப்பத் தூக்குங்க” என்றேன். விரல் நுனிகூட அசையவில்லை. அப்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு கொட்டாவி, கை மறுபடி எழுந்தது.

நரம்பு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ‘கையைத் தூக்கு’ என்ற கட்டளை பெருமூளையின் மேற்புறணியில் கிளம்புகிறது. அது இறங்கி வரும் வழிக்குப் பிரமிடுப் பாதை என்று பெயர். ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள். மேலே விசிறியாக விரிந்து கிளம்பும் இழைகள், மூளையின் ஆழத்தில் இன்டர்னல் கேப்சூல் என்ற இடுக்கில் நாற்றுமுடி மாதிரி நெருங்கிச் சேர்கின்றன. பிறகு முகுளத்தின் அடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மறுபக்கம் தாண்டித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. அதனால்தான் இடது மூளையில் அடைப்பு, வலது கை போனது. ஸ்கேனில் அந்த அடைப்பு ஒரு கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. வேறு இடத்தில் வந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமலேகூடப் போயிருக்கும். நாற்றுமுடியின் கழுத்தில் விழுந்ததால் முகம், கை, கால் மூன்றும் போயின.

கொட்டாவி கிளம்புவது மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில், அடைப்புக்குக் கீழே. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வேறு பாதைகள் பழுதாகவில்லை. மேலிருந்து வரும் பிடி விட்டதால் அவை கையையும் சேர்த்து இழுக்கின்றன என்று கருதுகிறார்களாம். உங்கள் வீட்டில் யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

பிசியோதெரபிஸ்ட், மதுரை

பார்த்திருக்கிறேன் தங்கச்சி, பதினான்கு வருடத்தில் இரண்டு பேரிடம். இரண்டு வீட்டிலும் உங்கள் அம்மா மாதிரியே சந்தோஷப்பட்டு, பிறகு உடைந்துபோனார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவைத்துவிடுகிறேன்.

சிரிப்பிலும் இதைப் பார்க்கலாம். “பல்லைக் காட்டுங்க” என்றால் வாய் ஒரு பக்கம் கோணும். அதே மனிதர் பேரன் செய்த குறும்புக்குச் சிரிக்கும்போது இரு பக்கமும் சமமாக விரியும். சொல்லிச் சிரிப்பதற்கு ஒரு வழி, தானாக வரும் சிரிப்புக்கு வேறு வழி.

என்னிடம் ஒரு பத்தர் வந்தார், நகை வேலை செய்பவர். இரண்டே மாதத்தில் கோல் இல்லாமல் நடந்தார், தோளைத் தூக்கினார். எல்லோரும் குணமாகிவிட்டது என்றார்கள். அவர் மட்டும் அழுதார். சாமணத்தில் ஒரு கல்லை எடுக்க முடியவில்லை, ஒரு விரலை மடக்கினால் ஐந்தும் மடங்கின. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அவரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. குரங்குகளில் பிரமிடுப் பாதையை இரு பக்கமும் வெட்டினார்கள். அவை மறுபடி நடந்தன, ஏறின. ஆனால் விரல்களைத் தனித்தனியாக அசைத்து உணவைப் பொறுக்கும் திறமை திரும்பவே இல்லை. நிற்கவும் நடக்கவும் மூளைத்தண்டின் பாதைகள் ஓரளவு கைகொடுக்கும், விரலின் நுணுக்கத்துக்குப் பிரமிடுப் பாதைதான் வேண்டும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொளதொளவென்று இருக்கும் கை சில வாரங்களில் இறுக ஆரம்பிக்கும். முழங்கை மடங்கி, விரல்கள் மூடி, கால் மட்டும் விறைத்து நீளும். கையில் ஸ்மைலி பந்தைக் கொடுத்துப் ‘பிசை, பிசை’ என்று சொல்லாதீர்கள். மூடும் தசைதான் ஏற்கெனவே ஓங்கி நிற்கிறது. திறக்கத்தான் பழக்க வேண்டும். தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

எனக்குப் பழுது மூளையில் இல்லை, கழுத்துத் தண்டுவடத்தில். அதே பாதைதான், கொஞ்சம் கீழே. சட்டைப் பொத்தான் போட அரை மணி ஆனது, செருப்பு கழன்று கழன்று போனது. டாக்டர் முதலில் கேட்டதே, “செருப்பு கழலறது உங்களுக்குத் தெரியுதா, தெரியாமலே போகுதா?” என்றுதான். தெரிந்தே கழன்றால் பாதத்தில் பலம் குறைவு, தெரியாமல் போனால் உணர்ச்சி குறைவு என்று பிறகு சொன்னார். எனக்குத் தெரிந்துதான் கழன்றது.

பிறகு சாவியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே எழுந்தது. இந்தப் பாதை பழுதானதற்கு, பாரிஸில் பாபின்ஸ்கி என்ற மருத்துவர் 1896இல் எழுதிவைத்த அடையாளமாம். கைக்குழந்தைக்கு இந்தப் பாதையின் நரம்பிழைகளைப் போர்த்தும் உறை இன்னும் முதிராததால் அதற்கும் விரல் மேலேதான் எழும் என்றார். வீட்டுக்கு வந்து எட்டு மாதப் பேத்தியின் காலில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். என்னுடையது மாதிரியே எழுந்தது. அவளுக்கு வளர வளர மாறிவிடும். எனக்கு எம்ஆர்ஐ எடுத்து, கழுத்தில் அறுவைசிகிச்சை செய்தார்கள். பொத்தான் இப்போது போடுகிறேன். கட்டைவிரல் இன்றும் மேலேதான் எழுகிறது.

மகள், ஈரோடு

அண்ணா, பந்தை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன். நாங்கள் அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தோம், சொன்னதற்கு நன்றி. நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தர் கதையில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பழைய பேரேட்டையும் பென்சிலையும் கேட்டார். இடது கையால் ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதியிருக்கிறார். எட்டு மட்டும் சரியாக வரவில்லை.