மின் குறைதீர்ப்பாளர் வரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் அம்மா வீட்டு மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிவிட்டார்கள். காரணம், திண்ணையில் இருந்த இரண்டு மூட்டை மிளகும் ஒரு பழைய தராசும். தோட்டத்தில் விளைந்ததைக் காயவைத்து, கீழே சேலத்துக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்தோம். கடை எதுவும் கிடையாது. எழுபது வயதில் அம்மா 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, மூன்று முறை அலுவலகம் போய் வந்தார். "ஆய்வு முடிஞ்சுபோச்சும்மா" என்ற ஒரே பதில்தான்.

2003 மின்சாரச் சட்டப்படி முதலில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். மன்றத்துக்குப் போகாமல் நேராக அவரிடம் போக முடியாது. இதுவரை சரி. ஆனால் 126-வது பிரிவில் (அனுமதியில்லாத மின் பயன்பாடு என்று சொல்லி) போட்ட கட்டண மதிப்பீடு என்றால் மன்றம் விசாரிக்காது. எங்களுக்கு வந்த கடிதத்திலோ பிரிவு எண்ணே இல்லை.

அதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டுமா, இல்லை அப்படியே மனு போடலாமா? திண்ணையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன சான்று எடுபடும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா தினமும் மீட்டர் பெட்டி முன்னால் போய் நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.