குட்டையில் மிதந்த கட்லா: எங்கள் குடும்பக் குழுவில் இன்று

தேவகோட்டை தம்பி: ஆச்சி, காலையில் குட்டையில் ஆறு கட்லா செத்து மிதந்தன. வாலடியில் சிவப்புப் புண். போன மார்கழியிலும் இப்படித்தான். கடையில் ஆன்டிபயாடிக் பொடி கொடுத்து, தீவனத்தில் கலக்கச் சொன்னார்கள். கலக்கட்டுமா?

கானாடுகாத்தான் ஆச்சி: வேண்டாம் தம்பி. புண் பாக்டீரியாவாலும் வரும், பூஞ்சை போன்ற ஒன்றாலும் வரும். இரண்டாவது என்றால் அந்தப் பொடி ஒன்றும் செய்யாது. மருந்து மீன் சதையிலும் தங்கும், நம் பிள்ளைகள்தானே சாப்பிடப் போகிறார்கள்? முதலில் மீன்வளத்துறை ஆளைக் கூப்பிட்டுக் காட்டு.

தேவகோட்டை தம்பி: உங்கள் குட்டையில் மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

கானாடுகாத்தான் ஆச்சி: எனக்கும் முதல் வருடம் செத்தது. இப்போது ஐப்பசி பிறந்ததுமே தீவனத்தில் ஸ்பைருலினா என்ற பாசியின் பொடியைக் கலக்கிறேன். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், தண்ணீரையும் ஒழுங்காகப் பார்க்கிறேன்.

கோனாபட்டு அம்மான்: பாசிதானே ஆத்தா? நம் ஊருணியில் பச்சையாக ஏடு கட்டிக் கிடக்கிறதே. அள்ளிப் போட்டால் போகிறது.

கானாடுகாத்தான் ஆச்சி: ஐயையோ அம்மான், அது வேறு. அந்த ஏடு பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வேறொரு பாசி. அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். அதோடு, பாசி மண்டினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை அதுவே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். நான் சொல்வது தனியாகத் தொட்டியில் வளர்த்துக் காயவைத்த பொடி.

பள்ளத்தூர் அண்ணன்: ஸ்பைருலினா நமக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க்காரர் பேரில் சென்னையில் இருக்கும் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துப் பெண்களே தொட்டியில் அதை வளர்க்கும் முறையை எப்போதோ செய்து காட்டிவிட்டது. பிள்ளைகளின் சத்துக்காக.

தேவகோட்டை தம்பி: சரி, மீனுக்கு அது என்ன செய்யும்?

கானாடுகாத்தான் ஆச்சி: குளிர் வந்தால் மீனின் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாவது மந்தமாகிவிடும். அப்போது அதைக் காப்பது மேல் வழவழப்பும், கிருமியைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியும், கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களும்தான். ஸ்பைருலினா தின்ற மீன்களில் இவை கூடுவதையும், புண் உண்டாக்கும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஏற்றிப் பார்த்தபோது அவை அதிகம் பிழைத்ததையும் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது முன்கூட்டியே கொடுக்கவேண்டியது. புண் வந்தபின் கொடுத்தால் மருந்தாகாது. நோய் வந்த மீன் தீவனத்தையே தொடாது.

தேவகோட்டை தம்பி: எவ்வளவு கலக்கவேண்டும்?

கானாடுகாத்தான் ஆச்சி: நான் கிலோ தீவனத்துக்கு 30 கிராம் போடுகிறேன். அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, அதில் பொடியைக் கரைத்து, தீவனத்தில் பிசிறி நிழலில் உலர்த்துகிறேன். கொதிக்கும் கஞ்சியில் கொட்டிவிடாதே, வெயிலிலும் போடாதே. அதிலுள்ள நீலச்சத்து சூட்டில் கெட்டுவிடும். விலை கூடுதல், அதனால் குஞ்சு விட்ட முதல் மாதமும் ஐப்பசி முதல் தை வரையும் மட்டும்தான். இதற்குப் பதில் குளோரெல்லா என்ற இன்னொரு பாசிப் பொடியை வாங்கினால் செல்சுவர் உடைத்த பொடியா என்று கேட்டு வாங்கு. அதன் சுவர் தடிமன், உடைக்காவிட்டால் பாதி செரிக்காமலே போகும்.

கோனாபட்டு அம்மான்: அப்போ புண்ணாக்கு, தவிடு?

கானாடுகாத்தான் ஆச்சி: அது அப்படியே இருக்கட்டும் அம்மான். இது அதற்கு மாற்று இல்லை. அடர்த்தியாகக் குஞ்சு விட்டு, தண்ணீரும் நாறினால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. தம்பி, எத்தனை குஞ்சு விட்டாய்?

தேவகோட்டை தம்பி: போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு.

கானாடுகாத்தான் ஆச்சி: அங்கேதான் கோளாறு. பெரியதைப் பிடித்து இடம் விடு. செத்ததைக் கரையில் போடாமல் சுண்ணாம்பு தூவிப் புதை. இன்றைக்குத் தீவனம் போடாதே.

தேவகோட்டை தம்பி: சரி ஆச்சி. மீன்வளத்துறை ஆள் நாளை காலை வருகிறார். புண் இருக்கிற மீன் ஒன்றை உயிரோடு வாளியில் வைக்கச் சொன்னார்.