கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த அன்று: நீச்சலில் யார் பெரியவர்?

நீச்சலில் யார் பெரியவர் என்று கேட்டால் யோசிக்காமல் அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸ் என்பேன். ஒலிம்பிக்கில் 23 தங்கம், மொத்தம் 28 பதக்கம், அதற்கு மேல் என்ன பேச்சு? அப்புறம் முப்பத்தைந்து வயதில் பட்டர்ஃபிளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்துவது) கற்றுக்கொள்ளப் போனேன். ஒரு நாள் குதித்தவுடன் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வெறும் 25 மீட்டர் குளம்தான். ஆனாலும் சுவர் எங்கே என்று தெரியாமல் பாதியில் கையை நீட்டித் துழாவிக்கொண்டே நின்றுவிட்டேன். 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் பெல்ப்ஸுக்கு நடந்ததும் இதேதான். அவர் கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். 1:52.03, உலக சாதனை. இப்போதும் என் கட்சி பெல்ப்ஸ்தான், பதக்கத்தை எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நான் போட்டிகளில் நேரம் குறிக்க ஸ்டாப்வாட்சோடு சுவரோரம் நின்றவன். ஒரு லேனுக்கு மூன்று பேர். ஒரே பையன் தொட்டதை மூன்று பேரும் பார்ப்போம், மூன்று வாட்சும் மூன்று நேரம் காட்டும், நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். அதனால் நூறில் ஒரு விநாடியை வைத்து ஒருவரைப் பெரியவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை: பெல்ப்ஸ் 50.58, செர்பியாவின் சாவிச் 50.59. கடைசியில் சாவிச் கையை நீட்டியபடி சறுக்கி வந்தார். பெல்ப்ஸ் அரை வீச்சு கூடுதலாகப் போட்டு சுவரில் நேரம் பதியும் டச் பேடை அழுத்தினார். அதைப் போடாமல் விட்டிருந்தால் பெய்ஜிங்கில் அவர் வென்ற எட்டுத் தங்கம் ஏழாகியிருக்கும், 1972-ல் ஏழு வென்ற அமெரிக்காவின் மார்க் ஸ்பிட்ஸோடு சமம். நான்கு பேர் ஆளுக்கு 100 மீட்டர் நீந்தும் 4x100 ரிலேயிலும் பெல்ப்ஸின் அணிக்காரர் லெசாக் கடைசி ஆளாக இறங்கி, தன் 100 மீட்டரை 46.06-ல் முடித்து, பிரான்சின் பெர்னாரை 0.08 விநாடியில் முந்தியதால்தான் தங்கம் வந்தது. அந்தப் பதக்கத்தில் பாதி லெசாக்குடையது என்றால் பெல்ப்ஸ் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

* * *

ஸ்பிட்ஸ் பெயர் வந்ததால் எழுதுகிறேன். 1972 மியூனிக்: ஏழு போட்டி, ஏழு தங்கம், ஏழிலும் உலக சாதனை. மீசை உண்டு, நீச்சல் கண்ணாடி கிடையாது. ஒரு நாள் கண்ணாடியை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் குளோரின் தண்ணீரில் நீந்தினேன். அன்று ராத்திரி எரிந்த எல்லா விளக்கையும் சுற்றி வானவில் தெரிந்தது. 54.27-ல் 100 பட்டர்ஃபிளை முடித்தவர் இன்றைக்கு அரையிறுதிக்கே வரமாட்டார் என்று கிண்டல் செய்பவர்கள், ஒரு வாரம் கண்ணாடி இல்லாமல் நீந்திவிட்டு வந்து பேசலாம்.

* * *

ஆண்களைப் பற்றி மட்டுமே போய்க்கொண்டிருக்கிறதே! நான் நீண்ட தூரக்காரி, 800 பிரீஸ்டைல். என் முதல் போட்டியில் கடைசி 100 மீட்டர் குளத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மற்றவர்கள் முடித்து, ஏறி, துவட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீந்திய 800-ஐப் பார்த்தால் சிரிப்பு வரும். அவரும் தனியாகத்தான் இருந்தார், மற்றவர்கள் இன்னும் வந்து சேராததால். 8:04.79-ல் தொட்டார். அடுத்தவர் வர 11 விநாடிக்கு மேல் ஆனது. அந்த வேகத்தில் 11 விநாடி என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில்!

2012 முதல் 2024 வரை அந்தப் போட்டியில் தொடர்ந்து நான்கு தங்கம். இன்னொன்றையும் பாருங்கள். பெண்களுக்கான 1500 மீட்டர் டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2013-லிருந்தே அதில் உலக சாதனை அவர் கையில். ரியோவில் அந்தப் போட்டியே இல்லை. வைக்காத போட்டியின் பதக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அதனால்தான் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுபவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

* * *

பிரான்சின் லியோன் மர்ஷானை யாரும் சொல்லவில்லை. 2024 பாரிஸில் ஒரே ராத்திரியில் 200 பட்டர்ஃபிளை, 200 பிரஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை மாதிரி கால் உதைப்பது) இரண்டிலும் தங்கம். இரண்டுக்கும் கால் உதையே வேறு. நான் ஒரு தடவை பட்டர்ஃபிளை முடித்த கையோடு பிரஸ்ட்ஸ்ட்ரோக் போட்டேன், இரண்டாவது லேப்பில் தொடை பிடித்துக்கொண்டது, கோச் கம்பை நீட்டித்தான் இழுத்தார்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடியும். லெடெக்கி பற்றி எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை, 1500 விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் வீச்சை எண்ணும் ஆசை விடவில்லை. போன வாரம் கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினேன், ஒரு லேப்புக்குப் பதினான்கு. நேற்று கண்ணை மூடிக்கொண்டு போனேன். பதினான்கில் சுவர் வரவில்லை, பதினைந்திலும் இல்லை. பக்கத்து லேனில் இருந்தவர் தோளைத் தொட்டு, கயிற்றை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள் என்றார்.