கடை உடைச்ச குப்பை: ஸ்கிப்பைத் திருப்பி அனுப்பிப்போட்டினம், ஏன்?

ஈஸ்ற்ஹாம் கடை:
வணக்கம். லண்டனில 1970களில கட்டின கடை, மேல வீடு. ரெண்டையும் உடைச்சுத் திருத்திறம். 8 கனயார் ஸ்கிப்பை (குப்பை ஏத்துற பெரிய இரும்புத் தொட்டி) நிரப்பி அனுப்பினா லாண்ட்பில்லில (குப்பை புதைக்கிற இடம்) இறக்க விடேல்லை. உள்ளுக்கு இருக்கிறது: செங்கல், கொங்கிறீற், ஆர்ரெக்ஸ் (கோலம் போட்ட மேற்பூச்சு) அடிச்ச சீலிங் பிளாஸ்ரர்போட், 9 அங்குல பழைய தரை ரைல், சோபா, அரை வாளி பெயின்ற், ரியூப்லைற் 6, வான் ரயர் 2. எதாலை பிரச்சினை?

ஸ்கிப் அண்ணை:
தம்பி, செங்கலையும் கொங்கிறீற்றையும் விட மிச்சம் எல்லாமே பிரச்சினைதான். ஆனா முதல்ல ஆர்ரெக்சையும் ரைலையும் பாருங்கோ. இங்க வெள்ளை அஸ்பெஸ்ரஸ் (கல்நார்) தடையானது 1999 நவம்பரில. அதுக்கு முந்தின ஆர்ரெக்ஸ், 9 அங்குல ரைல், அதுக்கடியில இருக்கிற கறுப்புத் தார்ப் பசை, மூண்டிலயும் இருக்கலாம். பாத்துச் சொல்லேலாது, யூகாஸ் (ஆய்வுகூடங்களைச் சரிபாக்கிற பிரித்தானிய அமைப்பு) அங்கீகாரமுள்ள ஆய்வுகூடத்தில சோதிக்கவேணும். எடையில 0.1 சதவீதமோ கூடவோ எண்டா ஆபத்துக் கழிவு. மற்றக் குப்பையோட கலந்து அளவைக் குறைச்சுக் காட்டுறதும் சட்டப்படி பிழை.

இனி அந்த ஸ்கிப்பைக் கிளறாதேங்கோ. லேசா நனைச்சு பொலித்தீனால மூடிவிட்டு, மாதிரி எடுக்கிற ஆளைக் கூப்பிடுங்கோ. இருக்குதெண்டு வந்தா, உள்ளுக்குச் சிவப்பு பாக், வெளியில உள்ளுக்குத் தெரியிற பொலித்தீன் பாக், கொன்சைன்மென்ற் நோட் (ஆபத்துக் கழிவு போறதுக்கான பத்திரம்). அதை 3 வருசம் வைச்சிருக்கவேணும். கட்டிக் கொண்டுபோனா லாண்ட்பில்லே எடுக்கும், அனுமதியுள்ள தனிக் கிடங்கில மூடிவிடுவினம். அவையள் பயப்பிடுறது கட்டாத, கலந்த அஸ்பெஸ்ரசுக்கு.

ஈஸ்ற்ஹாம் கடை:
சரி அண்ணை. இன்னும் கழட்டாத அறைகளில ஆர்ரெக்ஸ் இல்லாத பிளாஸ்ரர்போட் கிடக்கு. நூற்றுக்குப் பத்து வரைக்கும் கலக்கலாமெண்டு ஒருத்தர் சொன்னார்?

கிடங்குக் கணக்கு:
அது பழைய கதை. 2009 ஏப்ரலோட அந்தப் பத்து வீதம் போச்சுது. பிளாஸ்ரர்போட் எண்டா ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. அழுகிற குப்பையோட ஈரத்தில, காத்துப் படாமக் கிடந்தா பக்ரீரியா அந்தச் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக்கிவிடும். கூழ்முட்டை மணம் எண்டு சிரிக்காதேங்கோ, செறிவு கூடினா மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, ஆளைக் கொல்லும். அதாலைதான் அழுகிற பொருள் இல்லாத தனிக் கிடங்கு கேக்கிறது. சுத்தமான போட்டை நனையாமத் தனி பாக்கில கட்டி ஜிப்சம் மறுசுழற்சிக்குக் குடுங்கோ. ஆர்ரெக்ஸ் அடிச்ச போட்டைச் சோதனை முடியாம அவையளும் தொடமாட்டினம்.

பழைய வான்:
மிச்சத்துக்கு நான் சொல்லுறன். வான் ரயர் முழுசா எண்டா 2003இல இருந்து, துண்டாக்கினது 2006இல இருந்து லாண்ட்பில்லில தடை. ரயர் கடையில காசு குடுத்துக் குடுங்கோ. பெயின்ற்: திரவம் எதுவும் போகாது. தண்ணிப் பெயின்ற் எண்டா மரத்தூள் இல்லாட்டி மணல் கொட்டிக் கட்டியாக்கலாம். எண்ணெய்ப் பெயின்ற் ஆபத்துக் கழிவு, அதுக்கு இந்த வேலை சரிவராது. ரியூப்லைற்றில பாதரசம், உடைக்காம லைற் வாங்கிற மொத்தக் கடையில கேளுங்கோ. சோபாவின்ர ஸ்பொஞ்சிலயும் துணியிலயும் இருக்கிற தீத்தடுப்பு மருந்தாலை அதைக் குப்பை எரிக்கிற ஆலைக்குத்தான் அனுப்பவேணும், நீங்களா எரிக்கிறதில்லை.

ஈஸ்ற்ஹாம் கடை:
கவுன்சில் ரிப்புக்கு (கவுன்சில் குப்பை எடுக்கிற இடம்) என்ர வானிலயே கொண்டுபோகலாமோ?

ஸ்கிப் அண்ணை:
அது வீட்டுக் குப்பைக்கு, கடைக் குப்பை எடுக்கமாட்டினம். உங்கட சொந்த உடைசலெண்டாலும் வானில ஏத்த அப்பர் ரியர் கரியர் பதிவு (கழிவு கொண்டுபோறவைக்கான மேல்தரப் பதிவு) வேணும்.

கிடங்குக் கணக்கு:
பிரிக்கிறதிலதான் காசும் இருக்கு. 2025 ஏப்ரலில லாண்ட்பில் வரி தொன்னுக்கு 126.15 பவுணா இருந்தது. சுத்தமான செங்கல், கொங்கிறீற், ஓடு எண்டா அப்ப 4.05 பவுண்தான். பிளாஸ்ரர்போட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த ஸ்கிப்புக்கு முதல்ல சீலிங்கையும் மரத்தையும் கழட்டி எடுத்துவிட்டுப் பிறகு சுவரை உடையுங்கோ, கல்லு சுத்தமா வரும்.