தை பிறப்பதற்குள் நின்றுவிடும் பிள்ளைகள்: பாட்டு வகுப்பு நடத்துவோரின் ஆலோசனை தேவை

கேள்வி (வாய்ப்பாட்டு ஆசிரியை, காரைக்குடி):
வணக்கம். எங்கள் வீட்டு முகப்பில் நான்கு ஆண்டுகளாக வகுப்பு நடத்துகிறேன். விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை முடித்து, அடுத்த பயிற்சியான ஜண்டை வரிசை தொடங்கியதும், தை பிறப்பதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கட்டணத்தைக் குறைத்தும் பயனில்லை. வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்ள என்ன வழி?

பதில் (வீணை ஆசிரியை, தேவகோட்டை):
கட்டணத்தைக் குறைக்காதீர்கள் அம்மா, காரணம் அதுவன்று. மூன்று மாதமாகியும் பிள்ளை ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லையே என்பதுதான் வீட்டாரின் மனக்குறை. மாயாமாளவகௌளை ராகத்தில் வரிசைகளைச் சொல்லித்தரும் முறை அப்படியே இருக்கட்டும். கூடவே முதல் மாதத்திலேயே ஒரு சிறிய துதிப்பாடலையும் சொல்லிக்கொடுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் நகரத்தாரின் பிள்ளையார் நோன்புக்கு என் மாணவி ஒருத்தியின் வீட்டார் என்னை அழைத்திருந்தார்கள். இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொள்ள எல்லாரும் கூடியிருந்தபோது, அந்தச் சிறுமி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே விநாயகர் துதி ஒன்றைப் பாடி முடித்தாள். அவளுடைய அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை பாடச் சொன்னார்கள். அடுத்த வாரமே அவளுடைய பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இருவர் என்னிடம் சேர்ந்தார்கள்.

பதில் (பாட்டு வகுப்பிலிருந்து மகனை நிறுத்திய தாய், கானாடுகாத்தான்):
பெற்றோர் பக்கத்தையும் சொல்கிறேன். எங்களுக்குச் சங்கீதம் தெரியாது. பிள்ளை வீட்டில் பாடுவது சரியா தவறா என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? முன்பிருந்த ஆசிரியர் வகுப்பு நேரத்தை அடிக்கடி மாற்றியதால் டியூஷனோடு மோதியது, நிறுத்திவிட்டோம். இப்போதைய ஆசிரியை அன்றன்றைய பாடத்தைச் சுருதியோடு பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதைப் போட்டுக்கொண்டு அவனாகவே உட்கார்ந்துவிடுகிறான்.

பதில் (ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், காரைக்குடி):
பாட்டு கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வீணையில் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் பெயரோடு ஒரு பாணியே வழங்கும் ஊர் நம்முடையது. பாராட்டுக்காக அடிப்படையை அவசரப்படுத்தினால், வர்ணம் என்னும் அடுத்த கட்ட உருப்படிக்கு வரும்போது சுருதி நில்லாமல் பிள்ளையே சோர்ந்துபோகும். வகுப்பின் முதல் அரைமணி நேரம் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வரிசைகள், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. செவ்வாய், சனி மாலை ஐந்து மணி என்று நேரத்தை நிலையாக வைத்துவிட்டேன். நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்கும் நேரில் போய் ஒருமுறை பேசப் போகிறேன்.