புது அரசியலமைப்பை ஏற்க பட்டன் எங்கே? நாளையோடு கெடு முடிகிறது

முத்தியால்பேட்டை_குடி | சனி, இரவு 9:14
வணக்கம். ஆன்லைனில் ஆளுக்கொரு நாடு நடத்தும் விளையாட்டு ஒன்றில், எங்கள் ரீஜனில் (நாடுகள் சேர்ந்த வட்டாரம்) போன வாரம் புது அரசியலமைப்பு நிறைவேறியது. பழைய குடிகள் எல்லோரும் அதை ஏற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குடியுரிமை போய்விடுமாம். ஏற்பதற்கான பட்டனை ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன். ரீஜன் பக்கம், செட்டிங்ஸ், எங்கேயும் இல்லை. நாளைதான் கடைசி நாள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | 9:20
எந்த விளையாட்டு? ரீஜன் என்பதைப் பார்த்தால் நேஷன்ஸ்டேட்ஸ் போலத் தெரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். அறிவிப்பு டெலிகிராமில் (விளையாட்டுக்குள் வரும் தனிச் செய்தி) வந்ததா, டிஸ்பாட்சில் (நாட்டின் பெயரில் போடும் பொதுப் பதிவு) இருந்ததா?

மஞ்சக்குப்பம்_2 | 9:26
மொபைலில் பார்க்கிறீர்களா? கேஷ் அழித்துவிட்டு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். எனக்கும் போனில் பாதி மெனு தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் காரணமாக இருக்கும்.

மூத்த_டெலிகேட் | 9:41
தம்பி, நான் 2009 முதல் ஆடுகிறேன். இதே கேள்வி வருடத்துக்கு நாலு முறை வருகிறது. விளையாட்டுக்குள் நாடுகள் சேரும் உலகப் பேரவையில் சேர்ந்திருக்கிறாயா? விண்ணப்பித்தால் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும், அதை அழுத்தினால்தான் உறுப்பினர். பாதிப்பேர் அதை அழுத்துவதே இல்லை. உறுப்பினர் இல்லாதவனுக்கு எந்த ரீஜனிலும் மதிப்பில்லை. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வா.

முத்தியால்பேட்டை_குடி | 9:48
நேஷன்ஸ்டேட்ஸ்தான். கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறேன். பேரவையில் இருக்கிறேன், இணைப்பை அழுத்தியாயிற்று. வாக்கெடுப்பில் ஆமாம் என்றுகூடப் போட்டேன். அப்புறம் ஏன் மறுபடியும் ஏற்கச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை.

கெடிலக்கரை | 10:05
சரி, இப்போது பிடிபடுகிறது. நீங்கள் தேடும் பட்டன் அந்த விளையாட்டிலேயே கிடையாது.

மேக்ஸ் பேரி 2002இல் தொடங்கியபோது இது ஒரு நாட்டை நடத்தும் விளையாட்டு, அவ்வளவுதான். பிரச்சினைகள் வரும், முடிவெடுப்போம், நாடு மாறும். ரீஜனைப் பொறுத்தவரை நிரலுக்குத் தெரிந்தது கொஞ்சம்: நிறுவனர் அல்லது கவர்னர், டெலிகேட் (பேரவை உறுப்பினர்களின் ஆதரவை அதிகம் பெற்றவர்), அவர்கள் நியமிக்கும் அதிகாரிகள், யார் யாருக்கு எண்டார்ஸ்மென்ட் என்ற அந்த ஆதரவைக் கொடுத்தார்கள் என்ற கணக்கு. அரசியலமைப்பு, நீதிமன்றம், குடிமக்கள் பட்டியல் எல்லாம் ஆடுகிறவர்கள் தாங்களாகக் கட்டியவை. உங்கள் அரசியலமைப்பு ஏதோ ஒரு டிஸ்பாட்சில் வெறும் எழுத்தாக இருக்கிறது. நாலு பேர் மதிப்பதால்தான் அதற்கு உயிர். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே அதுதான்.

அதனால் ஏற்கும் வழியும் அந்த எழுத்துக்குள்தான் இருக்கும். இடைக்கால விதிகள் என்று கடைசியில் ஏதாவது இருக்கும், அதை அப்படியே இங்கே போடுங்கள். நீங்கள் போட்ட வாக்கு, அது நிறைவேறுவதற்கு. இப்போது கேட்பது நீங்கள் அதற்குள் வருகிறீர்களா என்று. இரண்டும் வேறு.

முத்தியால்பேட்டை_குடி | 10:22
கடைசியில் இருக்கிறது, தமிழில் தருகிறேன்: “இது அமலுக்கு வரும் நாளில் குடிமக்கள் பட்டியலில் உள்ளவர், ஏழு நாட்களுக்குள், ரீஜனில் வசிக்கும் தம் நாட்டின் பெயரிலேயே, ஏற்பைப் பதிவாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் குடியுரிமையைத் துறந்தவராகக் கொள்ளப்படுவார்.”

வில்லியனூர்_ரயில் | 10:30
இது அநியாயமான விதி. வாயைத் திறக்காதவன் விட்டுப் போனவன் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்று நிறைவேறியது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் 1950 ஜனவரி 24 அன்று கையெழுத்திட்டார்கள், 26 அன்று முழுதாக அமலுக்கு வந்தது. யார் வீட்டுக்காவது படிவம் வந்ததா, ஏற்கிறாயா என்று? குடியுரிமைப் பிரிவுகள் நவம்பர் 26 அன்றே அமலாகிவிட்டன. இங்கே இருந்தவன் குடிமகன், அவ்வளவுதான்.

மூத்த_டெலிகேட் | 10:44
நாடு வேறு, ரீஜன் வேறு. ரீஜனில் பாதிப்பேர் தூங்குகிறவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு தேர்தலில் எத்தனை பேர் வந்தால் செல்லும் என்று கணக்குப் போட்டுப் பார், அப்போது தெரியும். மூன்று ரீஜன்களில் நானே இப்படி ஒரு விதியை எழுதி நிறைவேற்றியிருக்கிறேன். விழித்திருக்கிறவன் கையெழுத்துப் போடுவான்.

பாகூர்_ஏரி | 11:10
வில்லியனூர் தோழர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் புதுச்சேரியில் படிவம் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு, 8 பேர் எதிராக. நவம்பர் 1 முதல் நிர்வாகம் கை மாறியது. ஆனால் 1956இல் போட்ட ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி முடிந்தது. அன்று முதல் ஆறு மாதம் ஒவ்வொருவருக்கும் அவகாசம். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர் சும்மா இருந்தால் இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே இருந்தவருக்கு நேர் எதிர்: சும்மா இருந்தால் பிரெஞ்சு, இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுத வேண்டும். ஒரே மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்.

என் தாத்தா எழுதவில்லை. அவருடைய தம்பி சொல்தாவாக (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) இந்தோசீனா போய்த் திரும்பியவர், எழுதிக் கொடுத்தார். ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி, ஒரு காகிதத்தில் இரண்டு தேசம். சின்னத் தாத்தா அந்தச் சான்றிதழை மெழுகுத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மடித்த இடத்தில் எழுத்து அழிந்துவிட்டது. ஆகவே எழுதச் சொல்வதில் தப்பில்லை. எழுதாதவனுக்கு எது கிடைக்கும், எத்தனை நாள் அவகாசம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. ஏழு நாள் மிகவும் குறைவு.

வில்லியனூர்_ரயில் | 11:18
அதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே சும்மா இருந்தவனுக்கும் ஏதோ ஒரு நாடு மிஞ்சியது. இந்த ரீஜனில் ஒன்றும் மிஞ்சாது.

திருப்பாப்புலியூர்_மாடி | 11:25
வரலாற்றை அப்புறம் பேசலாம். விதியில் “தம் நாட்டின் பெயரிலேயே” என்று இருக்கிறதே. தம்பி, பட்டியலில் உங்கள் நாட்டின் பெயர் இருக்கிறதா? பார்த்தீர்களா?

முத்தியால்பேட்டை_குடி | 11:37
இப்போதுதான் பார்த்தேன். என் பழைய நாட்டின் பெயர்தான் இருக்கிறது. ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிது வாங்க ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் நாடு அழிந்துவிட்டது. புதுப் பெயரில் தொடங்கி இதே ரீஜனுக்கு வந்தேன். வாக்குப் போட்டது புதுப் பெயரில். பதிவாளரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூத்த_டெலிகேட் | 11:45
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? 28 நாள் உள்ளே வராவிட்டால் நாடு போய்விடும். விடுமுறை நிலை போட்டிருந்தால் 60 நாள் தாங்கியிருக்கும்.

கெடிலக்கரை | 11:58
மூத்தவரே, வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது யார் விடுமுறை நிலை போடுவார்கள்? தம்பி, பயப்படாதீர்கள், வழி இருக்கிறது. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு போட்டு லாகின் செய்யுங்கள். அழிந்த நாடு திரும்ப உயிர் பெறும். ஆனால் உங்கள் ரீஜனில் இருக்காது, லாசரஸ் என்ற ரீஜனில் போய் எழுந்திருக்கும். அங்கிருந்து உங்கள் ரீஜனின் பக்கத்துக்குப் போய் இடம் மாறுங்கள். ரீஜனுக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதைக் கேட்கும், தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “வசிக்கும்” என்று விதி சொல்வதால், மாறிய பிறகே பதிவாளருக்கு டெலிகிராம் அனுப்புங்கள். உங்கள் பேரவை உறுப்பினர் பதவி புது நாட்டில்தானே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாடுதான் பேரவையில் இருக்கலாம், இரண்டில் விண்ணப்பித்தால் சிக்கல். இந்த விதி பேரவையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

டெலிகிராமில் இரண்டு வரி போதும். ஏற்கிறேன் என்பது ஒன்று. புது நாடும் என்னுடையதே, பட்டியலில் பெயரை மாற்றித் தாருங்கள் என்பது இன்னொன்று. அதே வாசகத்தைப் புது நாட்டிலிருந்தும் அனுப்பிவிடுங்கள். செய்தி பலகையிலும் ஒரு முறை போட்டுவிட்டால் நாலு பேர் பார்த்த சாட்சி இருக்கும்.

மஞ்சக்குப்பம்_2 | ஞாயிறு, காலை 7:02
கெடு எந்த நேரப்படி? நள்ளிரவு ஜி.எம்.டி. என்றால் நமக்குத் திங்கள் விடிகாலை 5:30 வரை இருக்கிறது. எதற்கும் இன்று மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வில்லியனூர்_ரயில் | 9:40
தம்பி, குடியுரிமை கிடைத்த கையோடு அந்த விதிக்கு ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். 30 நாள் அவகாசம், அதற்குப் பிறகு பெயரை அழிக்காமல் செயலற்ற குடி என்று தனிப் பட்டியல். வாசகம் எழுத நான் உதவுகிறேன்.

மூத்த_டெலிகேட் | 9:55
செயலற்ற குடி என்று ஒரு பட்டியல் வைத்தால் அதை யார் பராமரிப்பது? இருக்கிற பட்டியலில் ஒரு வருடத்துக்கு மேல் இறந்த நாட்டின் பெயர் கிடந்ததே, அதுவே போதும் சாட்சி.

பாகூர்_ஏரி | 10:20
அப்படியானால் தவறு பதிவாளருடையது. அதற்கு ஏன் குடி தண்டனை வாங்க வேண்டும்?

முத்தியால்பேட்டை_குடி | திங்கள், காலை 6:10
பழைய பாஸ்வேர்டு நினைவில் இருந்தது. நாடு லாசரஸில்தான் இருந்தது, கொடி, நாணயம் எல்லாம் அப்படியே. நேற்று 11 மணிக்கே ரீஜனுக்குக் கொண்டுவந்து இரண்டு நாட்டிலிருந்தும் அனுப்பிவிட்டேன். “பெற்றுக்கொண்டேன்” என்று பதிவாளர் ராத்திரி பதில் போட்டார். பட்டியலில் பெயர் இன்னும் மாறவில்லை. கெடிலக்கரை அண்ணா, மாடி அண்ணா, மிக்க நன்றி. வேலைக்குக் கிளம்புகிறேன்.

கெடிலக்கரை | 6:25
நல்லது. அந்தப் பதிலை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.